கை அசைந்தால் போதாது

பக்கவாதம் வந்து தேறியவரின் கையை நீட்டி மடக்கிப் பார்த்துவிட்டு, 'முன்னேற்றம்' என்று பதிவேட்டில் எழுதிவிடலாம். அந்தக் கையால் அவர் சோறு பிசைகிறாரா, வேட்டி கட்டுகிறாரா, வாளியைத் தூக்குகிறாரா என்று பார்க்க, வீடு தேடி வரும் நம் மருத்துவக் குழுவில் ஆள் இல்லை. செயல்முறை சிகிச்சை உதவியாளரின் வேலை அதுதான். செயல்முறை சிகிச்சையாளர் (ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்) வகுத்துக் கொடுத்ததை வீட்டுக்குள் கொண்டுபோய், அன்றாட வேலைகளை ஒவ்வொன்றாகத் திரும்பப் பழக்குபவர் அவர். மீஞ்சூர் வட்டாரத்தில் தொடங்கி இந்தப் பணியிடங்களை அரசு உருவாக்க வேண்டும்.

மீஞ்சூர் ஏன்? அத்திப்பட்டு அனல்மின் நிலையம், எண்ணூர் காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி துறைமுகம், அவற்றைச் சுற்றிக் கன்டெய்னர் யார்டுகள் என்று, கையை நம்பிப் பிழைப்பவர்கள் நிறைந்த பகுதி இது. இயந்திரத்தில் சிக்கிய கைக்கு வடசென்னை நம்பியிருப்பது ஸ்டான்லி மருத்துவமனையை. டாக்டர் ஆர். வெங்கடசாமி அங்கே வளர்த்தெடுத்த கை அறுவை சிகிச்சைப் பிரிவு நாடறிந்தது. ஆனால் தைத்த தசைநாண் பளு தாங்க ஏறக்குறைய 12 வாரம் ஆகும். அதற்குள் கையை மிஞ்சி அசைத்தால் தையல் அறும். அசைக்காமலே விட்டால் ஒட்டிக்கொண்டு விரல் இறுகும். அளவு தெரிந்து பழக்க ஒருவர் வேண்டும். கட்டுப்போட்ட கையோடு கும்மிடிப்பூண்டி மார்க்க ரயில் நெரிசலில் தொங்கிக்கொண்டு, அன்றைய கூலியையும் விட்டுவிட்டு, ஒரு சுமைதூக்கும் தொழிலாளி எத்தனை வாரம் நகரத்துக்குப் போய் வருவார்? பாதியில் நின்றுவிட்டால், அத்தனை நுட்பமான அறுவை சிகிச்சையின் பலனும் அதோடு போகிறது.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், ரத்த அழுத்த, சர்க்கரை நோய் மாத்திரைகளையும் இயன்முறை சிகிச்சையையும் வாசலுக்கே கொண்டுவந்தது. 2024இல் ஐ.நா. விருதும் பெற்றது. பாராட்டத் தயக்கமில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கான தமிழ்நாடு உரிமைகள் திட்டத்தின் 'விழுதுகள்' மையங்களில் செயல்முறை சிகிச்சையும் கிடைக்கிறது. ஆனால் மையத்தில் பழகியது வீட்டில் நடந்தாக வேண்டுமே! அங்கே சமையல் தரையில் நடக்கிறது, கழிப்பறையில் குந்தித்தான் உட்கார வேண்டும், வாசலில் உயரமான படி. ஒரு கை விழுந்துபோன பழவேற்காட்டு மீனவப் பெண்ணுக்கு, காய் நழுவாமல் குத்தி நிறுத்த நான்கு ஆணி அடித்த பலகை கிடைத்தால் மறுபடி குழம்பு வைப்பார். நடு ஓட்டையிட்ட உயர ஸ்டூல், பிடித்து எழ ஒரு குழாய்: உள்ளூர்த் தச்சரும் வெல்டரும் செய்துவிடக்கூடியவை. எது, எந்த உயரத்தில், யாருக்கு என்று பார்த்துச் சொல்லத்தான் ஆள் இல்லை. தொழிற்சாலைகளின் சமூகப் பொறுப்பு நிதியில் சக்கர நாற்காலி வழங்கிப் படம் எடுத்துக்கொள்ளும் விழாக்களுக்குக் குறைவில்லை; அது வீட்டு வாசலுக்குள் நுழையுமா என்று அளந்து பார்த்தவர் எத்தனை பேர்?

அரைகுறைப் பயிற்சி பெற்றவர்களிடம் நோயாளியை ஒப்படைப்பதா என்பது நாலரை ஆண்டு பட்டம் படித்த சிகிச்சையாளர்களின் கவலை. நியாயமான கவலைதான். ஆகவே பரிசோதனையும் திட்டமும் ஸ்ப்ளின்ட் பற்றிய முடிவும் அவர்களிடமே இருக்கட்டும். அமெரிக்காவில் உதவியாளர்கள் இரண்டாண்டு படித்து, சிகிச்சையாளரின் மேற்பார்வையில்தான் வேலை செய்கிறார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? தென்காசி மாவட்டம் ஆய்க்குடியின் அமர் சேவா சங்கம், வளர்ச்சி தாமதமான குழந்தைகளின் வீடுகளுக்குப் பயிற்சி தந்த கிராமப் பணியாளர்களையே அனுப்புகிறது. செயலி வழியே வரும் விவரங்களைப் பார்த்துச் சிகிச்சையாளர்கள் மேற்பார்வையிடுகிறார்கள். முதியோருக்கும் விபத்தில் அடிபட்டோருக்கும் இந்த ஏற்பாடு ஏன் பொருந்தாது?

மக்களைத் தேடி மருத்துவத்தில் ஏற்கெனவே ஊக்கத்தொகைக்கு உழைக்கும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்களின் தலையில் இன்னொரு பதிவேட்டை ஏற்றி, இதோ உதவியாளர் வந்துவிட்டார் என்று கணக்குக் காட்டுவதை ஏற்க முடியாது. முறையான பட்டயப் படிப்பு, காலமுறை ஊதியம், ஸ்டான்லியில் களப்பயிற்சி, வட்டாரத்துக்கு ஒரு பட்டதாரிச் சிகிச்சையாளரின் மேற்பார்வை ஆகிய நான்கும் சேர்ந்தே வர வேண்டும். தன்னார்வலர்களில் விருப்பமுள்ளவர்களுக்கு அந்தப் படிப்பில் முன்னுரிமை கொடுக்கலாம். உள்ளூர் வீடுகளின் வாசல் உயரம் அவர்களுக்குத் தெரியும். வரும் நிதிநிலை அறிக்கையில் மீஞ்சூருக்கான பணியிடங்களையாவது அரசு அறிவிக்கட்டும்.