துளையில் இல்லை பிரேக்கின் பலம்

கல்கத்தாவின் கிழக்கே, பழைய நகரத்தின் நெரிசலுக்கு ஒரு பரிகாரமாக வகுக்கப்பட்ட நியூ டவுனில், விசுவ பங்களா சரணியின் அகலத்தையும் அதன் நேரான போக்கையும் கண்டு மயங்கி, அலுவலகம் போய்வருவதற்கே ஆனாலும் சற்று வேகத் துடிப்புள்ள காரைத்தான் வாங்குவது என்று தீர்மானித்தவர்கள் இன்று பெருகியிருக்கிறார்கள். சால்ட் லேக்கின் செக்டர் ஐந்தில் உத்தியோகம் பார்க்கும் நம் தமிழ் இளைஞர்களும் அவர்களில் அடக்கம். இவர்களிடையே ஓர் அபிப்பிராயம் வேதவாக்காக வழங்கி வருகிறது. கம்பெனி மாட்டிக் கொடுத்த வழவழப்பான பிரேக் டிஸ்க் சாதுவான வண்டிகளுக்கே உரியது என்றும், துளையும் வரியும் இட்ட டிஸ்க்கோடு பந்தயத்துக்குரிய பேடையும் சேர்த்து மாட்டினால்தான் விசையுள்ள வண்டி மிதித்த இடத்தில் நிற்கும் என்றும் அவர்கள் சாதிக்கிறார்கள். இந்தக் கூற்றுக்கு ஆதாரமாகச் சொல்லப்படும் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்து நிறுத்துப் பார்த்தால், தினசரி ஓட்டத்துக்கு அவற்றில் எதுவும் தேறவில்லை என்பதே நம் துணிபு.

முதல் வாதம், அத்தகைய டிஸ்க் வண்டியைக் குறைந்த தூரத்தில் நிறுத்தும் என்பது. பிரேக்கின் வேலை சக்கரத்தின் சுழற்சியைத் தடுப்பதோடு முடிந்துவிடுகிறது. அதற்குமேல் வண்டியை நிறுத்துவது டயருக்கும் சாலைக்கும் இடையே உள்ள பிடிப்பேயாகும். 2019 ஏப்ரல் முதல் நம் நாட்டுக் கார்களில் கட்டாயமாக்கப்பட்ட, சக்கரம் இறுகி வழுக்காமல் காக்கும் ஏ.பி.எஸ். என்னும் சாதனம் இதைப் பிரத்தியட்சமாகக் காட்டிவிடுகிறது: ஆளரவமற்ற சாலையில், பின்னால் எந்த வண்டியும் வரவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு, ஓங்கி மிதிக்கும்போது, காலின் கீழே மிதி படபடவென்று துடிக்குமானால், பிரேக்கின் பலம் டயரின் பிடிப்பை ஏற்கெனவே மிஞ்சிவிட்டது என்பதே பொருள். மிஞ்சிய பலத்தோடு இன்னும் பலத்தைச் சேர்ப்பதால் நிற்கும் தூரம் ஓர் அடிகூடக் குறையாது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார், பிடிப்பின் அளவு 0.8 ஆக உள்ள உலர்ந்த சாலையில் ஏறத்தாழ 18 மீட்டரில் நின்றுவிடும். அதே கார், நனைந்த சாலையில் தேய்ந்த டயரோடு வந்து, பிடிப்பு 0.5 ஆகக் குறைந்துவிட்டால், 28 மீட்டர் ஓடித்தான் நிற்கும். இந்தப் பத்து மீட்டரில் ஒரு பகுதியையேனும் மீட்டுத் தரக்கூடியது நல்ல டயர் ஒன்றுதான்.

இரண்டாவது வாதம் உஷ்ணத்தைப் பற்றியது. துளைகளின் வழியே காற்று புகுந்து டிஸ்க்கைக் குளிர்விக்கிறது என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1,200 கிலோ எடையுள்ள கார் 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்கும்போது வெளிப்படும் சக்தி சுமார் 116 கிலோஜூல். அதில் எழுபது சதவீதத்தை முன் சக்கரங்கள் ஏற்பதாகவும், முன் டிஸ்க் ஒவ்வொன்றும் ஆறு கிலோ வார்ப்பிரும்பு என்றும் வைத்துக்கொண்டால், ஒருமுறை நிறுத்துவதால் டிஸ்க்கின் உஷ்ணம் ஏறுவது 15 டிகிரி அளவுதான். நூறு கிலோமீட்டரிலிருந்து நிறுத்தினாலும் அறுபது டிகிரியைத் தாண்டுவதில்லை. நியூ டவுனின் நார்க்கேல் பாகான் சந்திப்பில் சிக்னலுக்காக நின்று, மூன்று நிமிஷம் கழித்துப் புறப்படும் வண்டிக்கு இதில் அஞ்சத்தக்கது எதுவுமில்லை. அன்றியும், முன் டிஸ்க்கைக் குளிர்விக்கும் காரியத்தை அதன் இரண்டு தகடுகளுக்கும் இடையே உள்ள காற்றுவழிகள் செய்துவருகின்றன. முகத்தில் குடையும் துளைகளோ, உஷ்ணத்தை முதலில் வாங்கிக்கொள்ள வேண்டிய இரும்பையே குறைத்துவிடுகின்றன. மலிவாகக் குடைந்த டிஸ்க்கைச் சில காலம் கழித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால், துளையின் விளிம்பிலிருந்து மயிரிழை போன்ற விரிசல் கிளம்பி அடுத்த துளையை நோக்கிப் போவதைக் காணலாம். அந்த விரிசல் அடுத்த துளையை எட்டும்வரை ஓட்டுவது உயிரோடு விளையாடுவதாகும்.

மூன்றாவது வாதம் பந்தயப் பேடுக்காகச் சொல்லப்படுவது. இதுவே எல்லாவற்றிலும் அபாயகரமானது. பந்தயத்துக்குரிய உராய்வுப் பொருள்களில் பல, இருநூறு டிகிரி அளவுக்குக் காய்ந்த பிறகே தம் முழுப் பிடிப்பையும் தரும்படி சமைக்கப்பட்டவை. சாதாரண நகர ஓட்டத்திலோ டிஸ்க் அந்த நிலையை எட்டுவது அபூர்வம். ஆடி மாதத்து மழை இரவு முழுதும் பெய்து ஓய்ந்த காலையில், அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்திலிருந்து வெளியே வரும் காரைப் பாருங்கள்: டிஸ்க்கின் முகத்தில் செம்பழுப்பாகத் துரு படிந்திருக்கிறது, முதல் மிதியில் சரசரவென்று ஓர் ஓசை எழுகிறது, வாயிலைக் கடப்பதற்குள் குறுக்கே டோட்டோ என்னும் மின்சார ரிக்ஷா ஒன்று வந்துவிடுகிறது. அந்த முதல் மிதியில், குளிர்ந்த நிலையில், ஈரத்தோடு என்ன பிடிக்கிறதோ அதுவே அந்தக் காரின் பிரேக். பத்துச் சுற்று ஓடிய பின் அது எப்படிப் பிடிக்கும் என்ற கேள்வி, அலுவலகத்துக்குப் புறப்பட்டவனுக்கு அவசியமற்றது. குளிர்ந்திருக்கையில் இத்தகைய பேடு டிஸ்க்கை அராவித் தின்பதும், அக்கம்பக்கத்தார் திரும்பிப் பார்க்கும்படி கிறீச்சிடுவதும் உபரி லாபங்கள்.

நான்காவதாக, மழைத் தண்ணீரை வடியவிடத் துளை வேண்டும் என்கிறார்கள். ஆண்டுக்கு 1,600 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெறும் கல்கத்தாவில் இந்த வாதத்துக்குக் கவர்ச்சி உண்டு. இதில் ஓரளவு நியாயமும் இருக்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. போர்ஷே முதலிய சில கம்பெனிகள் தங்கள் சாலைக் கார்களின் டிஸ்க்கில் துளையிடுவதற்கு ஈரத்தில் விரைவாகப் பிடிப்பதையும் ஒரு காரணமாகச் சொல்கின்றன. ஆனால் அந்தக் காரும், அதன் டிஸ்க்கும், பேடும், கேலிப்பரும் ஒன்றுக்கொன்று இசைவாகச் சோதித்துச் செய்யப்பட்டவை. கடையில் வாங்கி மாட்டும் துளைக்கு அந்தப் பரீட்சை நடந்ததில்லை. துளையற்ற டிஸ்க்கிலும் தண்ணீர்ப் படலம் பேடின் முதல் அழுத்தத்திலேயே வழித்தெறியப்படுகிறது. தேங்கிய நீரைக் கடந்தவுடன் மிதியை லேசாக ஒருமுறை தொட்டுவிடும் வழக்கம் இருந்தால், துளைக்குரிய அனுகூலம் செலவின்றியே கிட்டிவிடும்.

ஐந்தாவது வாதம், பந்தயக் கார்கள் எல்லாம் அப்படித்தானே இருக்கின்றன என்பது. பந்தயக் கார்களின் டிஸ்க்கில் துளையிட்டதற்கு எடைக் குறைப்பும், அக்காலத்துப் பேடுகள் காய்ந்தபோது கக்கிய வாயு வெளியேற வழி செய்வதும் முக்கியக் காரணங்கள். இக்காலத்துப் பேடுகளில் அந்த வாயுத் தொல்லை பெரிதும் ஓய்ந்துவிட்டது; வார்ப்பிரும்பு டிஸ்க்கை உபயோகிக்கும் இன்றைய பந்தயக் கார்கள் பெரும்பாலும் வரிகளோடு திருப்தி அடைகின்றன. வரியும்கூடப் பேடின் முகத்தைச் சுரண்டிப் புதுப்பிப்பதற்கு ஏற்பட்டது; சுரண்டப்படுவதால் பேடு சீக்கிரம் தேயும், ஓசையும் எழும். ஒவ்வொரு பந்தயத்துக்கும் பேடை மாற்றத் தயங்காத கோஷ்டிக்கு அது பொருட்டல்ல. மாதச் சம்பளக்காரருக்குப் பொருட்டுத்தான்.

பிரேக் மிதிக்கையில் ஸ்டியரிங் நடுங்கினால், டிஸ்க் வளைந்துவிட்டது, ஆகவே விலையுயர்ந்ததை வாங்கு என்பது ஆறாவது வாதம். வளைவு என்று பெயரிடப்படும் இந்த வியாதிக்குப் பெரும்பாலும் காரணம் பேடின் பொருள் டிஸ்க்கின்மேல் திட்டுத்திட்டாகப் படிவதும், அதனால் கனம் இடத்துக்கு இடம் வேறுபடுவதும்தான் என்பதைப் பந்தயப் பொறியாளர் காரல் ஸ்மித் முன்பே விளக்கி எழுதியிருக்கிறார். துருவேறிய ஹப்பைச் சுத்தம் செய்யாமல் டிஸ்க்கை மாட்டுவதும், சக்கர நட்டுகளை ஏர் கன்னால் அளவுக்கு மீறி முடுக்குவதும் இதே பலனைத் தரும். ஹப்பைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, நட்டை அளவறிந்து முடுக்கி, புதுப் பேடை மாட்டியதும் மணிக்கு அறுபது கிலோமீட்டரிலிருந்து பத்து வரை எட்டுப் பத்து முறை மிதமாக வேகத்தைத் தணித்து, முற்றிலும் நிற்காமலே ஓட்டி ஆறவிட்டால், இந்த நடுக்கத்தைப் பெரும்பாலும் வராமலே தடுத்துவிடலாம்.

துளையையும் பந்தயப் பேடையும் போற்றுகிறவர்கள் கூறுவது எங்கேதான் பொருந்தும் என்றால், உஷ்ணம் ஓயாமல் ஏறும் இடத்தில் பொருந்தும். சென்னையை அடுத்து 1990-ல் திறக்கப்பட்ட இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் சுற்றுக்குப் பின் சுற்றாக ஓட்டுகிறவருக்கு வேறு பேடு வேண்டும் என்பதில் ஆக்ஷேபமில்லை. கல்கத்தாவாசிகள் விடுமுறைக்குப் போகும் டார்ஜிலிங் மலைப்பாதையும் பிரேக்குக்குச் சாமானியமான சோதனையன்று: கர்சியாங்கிலிருந்து சிலிகுரிக்கு இறங்கும்போது வண்டி இழக்கும் உயரம் ஏறத்தாழ 1,340 மீட்டர், அந்த இறக்கத்தில் விடுபடும் சக்தி முழுவதையும் பிரேக்கே ஏற்பதாயின், நூறு கிலோமீட்டர் வேகத்திலிருந்து 34 முறை நிறுத்துவதற்கு அது சமம். எனினும் அங்கே காப்பது இரண்டாம் கியரும், கெட்டுப்போகாத பிரேக் ஆயிலும். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ள டாட் 4 ஆயில், புதிதாக இருக்கையில் 230 டிகிரிக்குக் குறையாமல் கொதிக்க வேண்டும் என்பது விதி, நூற்றுக்கு 3.7 பங்கு நீர் சேர்ந்த நிலையில் அதற்கு விதித்த எல்லை 155 டிகிரியாக இறங்கிவிடுகிறது. கல்கத்தாவின் புழுக்கத்தில் இரண்டாண்டுக்கு ஒருமுறை அதை மாற்றாதவர், எத்தனை துளையிட்ட டிஸ்க்கை மாட்டியும் மலையிறக்கத்தில் மிதி தரைவரை அமிழ்வதைக் காண நேரிடலாம்.

ஆகவே, 2022-ல் வந்த ஃபோக்ஸ்வேகன் விர்ட்டஸ் ஜிடி போன்ற வண்டியை வைத்துக்கொண்டு, பின்னால் டிரம் பிரேக் இருக்கிறதே என்று குறைப்படுகிறவர்களும்கூட, நிறுத்தும்போது பாரம் முன்னே சாய்வதால் பெரும் பொறுப்பு முன் டிஸ்க்குக்கே என்பதை உணர்ந்து, காசை அங்கே அறிவோடு செலவிட வேண்டும். கல்கத்தாவின் உதிரிபாகச் சந்தையான மல்லிக் பஜாரில் கேட்டால் கண்ணைப் பறிக்கும் டிஸ்க் கிடைக்கும். நீங்கள் கேட்க வேண்டியது உங்கள் காரின் அளவுக்கேற்ற, துளையற்ற, காற்றுவழியுள்ள டிஸ்க். பழையது அதன் விளிம்பில் வார்த்திருக்கும் குறைந்தபட்சக் கனத்துக்குமேல் இருந்தால், புதியதே தேவையில்லை. பேடின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் இரண்டு எழுத்துகளைப் படியுங்கள்: முதலாவது மிதமான உஷ்ணத்திலும் இரண்டாவது மிகுந்த உஷ்ணத்திலும் உராய்வின் அளவைக் குறிப்பவை, ஈ என்றால் 0.25 முதல் 0.35 வரை, எஃப் என்றால் 0.45 வரை, ஜி என்றால் 0.55 வரை. இரண்டும் எஃப் ஆக உள்ள நல்ல சாலைப் பேடு விசையான தினசரி ஓட்டத்துக்குப் போதும். வெளிநாட்டுப் பெயர் இருந்தால்தான் தரம் என்ற பிரமையும் வேண்டாம். 1962-ல் தோன்றிய பிரேக்ஸ் இந்தியாவும், 1964-ல் தோன்றிய ரானே பிரேக் லைனிங்கும், 1974-ல் தோன்றிய சுந்தரம் பிரேக் லைனிங்ஸும் சென்னையிலேயே இந்தத் தொழிலை வளர்த்தவை. இப்படி மிச்சமாகும் பணத்தில் பிரேக் ஆயிலை மாற்றிவிட்டு, மீதியை நான்கு நல்ல டயர்களுக்குப் போடுகிறவரே தம் வண்டியின் வேகத்துக்கு ஏற்ற பிரேக்கை உடையவர்.