மூணு கிளாஸ், ஒரு குவார்ட்டர்

வீட்டிலேயே லிச்சி மார்ட்டினி போடுவது எப்படி என்று இப்போது ஆளாளுக்குப் பாடம் நடத்துகிறார்கள். 60 மில்லி வோட்கா, டின் லிச்சியின் பாகு கொஞ்சம், அரை மூடி எலுமிச்சை, ஐஸ் போட்டுக் குலுக்கி, கூம்புக் கோப்பையில் வடிகட்டினால் முடிந்தது. மேலே ஒரு லிச்சிப் பழம். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.

முதலில் பெயர். மார்ட்டினி என்பது ஜின்னும் வெர்மூத்தும் சேர்ந்த சமாசாரம். இதில் இரண்டுமே கிடையாது. கோப்பை மட்டும்தான் மார்ட்டினி! சரி, அது போகட்டும்.

என் சண்டை அந்தப் பழத்தோடுதான். வோட்காவுக்கு ஏற்கெனவே பெரிதாக மணமோ ருசியோ கிடையாது. இனிப்பும் புளிப்பும் சேர்ந்தால், மிச்சமிருக்கிற காரமும் மறைந்துவிடும். தொண்டை எச்சரிக்காது. ஜூஸ் மாதிரி இறங்கும்.

காமர்ஸ் படித்தவன், கணக்குப் பார்க்காமல் விடமாட்டேன். நம் ஊர் வோட்காவில் பெரும்பாலும் 42.8 சதவிகிதம் ஆல்கஹால். 60 மில்லியில் சுமார் 20 கிராம். மூன்று கோப்பை போட்டால் 180 மில்லி. அதற்கு டாஸ்மாக் வாசலில் என்ன பெயர் தெரியுமா? குவார்ட்டர்!

அதையே தெருவில் நின்று குடித்தால் குடிகாரன். சோபாவில் சாய்ந்து குடித்தால் ரசனையா? கல்லீரலுக்கு இந்த வித்தியாசமெல்லாம் தெரியாது ஸார். பாதுகாப்பான அளவு என்று எதுவுமே இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-லேயே சொல்லிவிட்டது.

குடிப்பதும் குடிக்காததும் உங்கள் இஷ்டம். ஆனால், பழத்துக்குப் பின்னால் ஒளியாதீர்கள். விருந்தாளியிடம் நீட்டும்போது, "இதில் ஒரு லார்ஜ் இருக்கு" என்று சொல்லிக் கொடுங்கள். வண்டிச் சாவியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் நாகரிகம்.