படத்துக்காகச் சுறாவைத் தூக்க வேண்டாம்

ஹைதராபாத்தின் குகட்பள்ளியிலிருந்து எந்தப் பக்கம் வண்டியை விட்டாலும் 300 கிலோமீட்டர் தாண்டாமல் கடல் கண்ணில் படாது. அங்கே ஏரியில் விரால் பிடித்துப் பழகிய தமிழர்களின் தூண்டில் குழு ஒன்று சுறாவுக்காக அறிக்கை விடுவது சிலருக்கு வேடிக்கையாக இருக்கலாம். இந்தியாவுக்கே சுனாமி எச்சரிக்கை தரும் இன்காய்ஸ் நிறுவனம் பக்கத்துப் பிரகதி நகரில்தான் இருக்கிறது. அதை யாரும் வேடிக்கையாகப் பார்ப்பதில்லை. அதோடு, விசாகப்பட்டினத்துக்கும் அந்தமானுக்கும் போய்ப் படகு வாடகைக்கு எடுத்துத் தூண்டில் போடுகிறவர்களில் ஹைதராபாத் சம்பளக்காரர்களும் உண்டு. ஆசை இங்கே கிளம்பும்போது பேச்சும் இங்கேதான் தொடங்க வேண்டும்.

குழுவின் நிலைப்பாடு இது: பொழுதுபோக்குக்காகச் சுறாவைக் குறிவைத்துத் தூண்டில் போடுவதை அது எதிர்க்கிறது. வேறு மீனுக்குப் போட்ட முள்ளில் சுறா மாட்டிக்கொண்டால், அது தண்ணீரில் இருக்கும்போதே தூண்டில் நரம்பை அறுத்துவிட வேண்டும். படகில் ஏற்றுவதும் மணலில் இழுத்துப் போடுவதும் கூடாது.

"பிடித்தாலும் விட்டுவிடுகிறோமே" என்ற பதில் உடனே வரும். விராலுக்கு அது ஓரளவு பொருந்தும், சுறாவுக்குப் பொருந்தாது. சுறாவின் உடம்பில் எலும்பே கிடையாது, எல்லாம் குருத்தெலும்பு. குடலையும் ஈரலையும் தாங்கிப் பிடிக்க விலாக்கூடும் இல்லை. இத்தனை காலம் அந்தப் பாரத்தைத் தாங்கியது கடல்நீர். வாலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கினால் உள்ளுறுப்புகள் மொத்தமும் ஒரு பக்கம் சரிந்து நசுங்கும். பல சுறா இனங்கள் நீந்திக்கொண்டே இருந்தால்தான் செவுள் வழியே மூச்சு ஓடும். கொம்பன் சுறாவின் நிலை இன்னும் மோசம். ரீலோடு நெடுநேரம் மல்லுக்கட்டிய களைப்பிலேயே, விட்டபின் நீந்திப் போய்ச் செத்துவிடுவது அதில் அதிகம். படத்தில் சிரிப்பவர்களுக்கு அது தெரியப் போவதில்லை.

அந்தப் படம் எடுக்கப்படும் இரண்டு நிமிடத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம். ஒருவர் வாலைப் பிடித்திருக்கிறார். ஒருவர் செல்போனைச் சரிசெய்கிறார். இன்னொருவர் முள்ளைக் கழற்றக் குறடு எங்கே என்று பெட்டியைக் குடைகிறார். தளம் ஈரமாக வழுக்குகிறது. எலும்பில்லாத உடம்பு வில்லாக வளையும், வாலைப் பிடித்த கையை வாய் எட்டிவிடும். புளோரிடாவில் பராமரிக்கப்படும் சர்வதேசச் சுறாக்கடிப் பதிவேடு, முள் கழற்றும்போது விழும் கடியை 'சீண்டி வாங்கிய கடி' என்று தனிக் கணக்கில் வைக்கிறது. மனிதர் சீண்டாமல் நடந்த கடிகள் 2024-இல் உலகம் முழுவதற்குமே 47தான். நீருக்கு மேலே நடக்கும் சந்திப்பில் ஆபத்தைக் கூட்டிவருபவர் யார் என்பதில் குழுவுக்குச் சந்தேகமில்லை.

சட்டமும் உண்டு. திமிங்கலச் சுறாவை 2001-இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள், வேட்டையாடினால் மூன்று முதல் ஏழாண்டு வரை சிறை. வேளா மீன்களும் புதுச்சேரிச் சுறாவும் அதே ஆண்டு அட்டவணையில் ஏறின. இந்தப் புதுச்சேரிச் சுறாவின் கதை விசித்திரமானது. 1839-இல் விவரிக்கப்பட்ட இனம், 1979-க்குப் பிறகு உறுதியாக யார் கையிலும் சிக்கவில்லை. அளவிலும் நிறத்திலும் சந்தையில் கிடக்கும் மற்றச் சிறு சுறாக்களைப் போலவே இருக்கும். ஆய்வாளர்களே பல்லை எண்ணிப் பார்த்துத்தான் சொல்வார்கள். அந்த இனத்தின் கடைசிக் குட்டி வந்து கடித்தாலும் வார இறுதித் தூண்டில்காரருக்கு அடையாளம் தெரியாது. அதனால்தான் குழு இனம் பிரித்து விலக்குக் கேட்காமல் எல்லாச் சுறாவுக்கும் ஒரே விதி என்கிறது.

இதில் மீனவர்களை இழுக்க வேண்டாம். ஆழ்கடலில் நாள்கணக்கில் கிடந்து சுறா பிடிக்கும் கன்னியாகுமரி மாவட்டத் தூத்தூர்ப் பகுதி மீனவர்களின் பிழைப்பும், பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுறாப் புட்டு ஆக்கித் தரும் வீட்டு அடுப்பும் இந்த அறிக்கைக்கு வெளியே. அவற்றுக்கு வேறு கேள்விகள் உண்டு, அவற்றை வேறு ஆட்கள் கேட்க வேண்டும். பொழுதுபோக்குக்குச் சுறா பிடிப்பவர் அந்தப் பிழைப்பின் பின்னால் ஒளிந்துகொள்ளக் கூடாது என்பது மட்டுமே குழுவின் கவலை.

சொல்லப்போனால் கற்றுக்கொள்ள வேண்டியதே மீனவர்களிடம்தான். குஜராத்தின் வேராவலில் ஒருகாலத்தில் திமிங்கலச் சுறாவை ஈரல் எண்ணெய்க்காகக் கொன்றார்கள். 2004-இல் தொடங்கிய இயக்கத்தில் ஆன்மிகச் சொற்பொழிவாளர் மொராரி பாபு, பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் மகள் அது என்று சொன்னார். அதன் பிறகு வலையில் சிக்கியதை விடுவிக்க மீனவர்கள் தங்கள் வலையையே அறுத்தார்கள், அறுந்த வலைக்கு அரசு இழப்பீடு தந்தது. இப்படித் தப்பியவை நூற்றுக்கணக்கில். 2021 டிசம்பரில் விசாகப்பட்டினத்துக்கு அருகே தந்தடிக் கரையில் சிக்கிய திமிங்கலச் சுறாவையும் வனத்துறையும் மீனவர்களும் சேர்ந்து கடலுக்கே திருப்பிவிட்டார்கள். பிழைப்புக்கான வலையையே மீனவர் அறுக்கும்போது, சில நூறு ரூபாய் நரம்பை அறுக்கப் படகு வாடகைக்கு எடுத்தவருக்கு என்ன தயக்கம்?

விதி போடுவதும் முடியாத காரியமில்லை. புளோரிடா மாநிலம் 2019 ஜூலை முதல், கரையிலிருந்து சுறா பிடிப்பவர் வகுப்பு முடித்து அனுமதி வாங்க வேண்டும் என்றது. கரையிலிருந்து இரைக்கழிவைக் கொட்டிச் சுறாவை வரவழைப்பதைத் தடுத்தது. தடைசெய்யப்பட்ட இனங்களைத் தண்ணீரை விட்டு வெளியே எடுக்கவே கூடாது என்றது. இவற்றில் கடைசி விதியை எல்லாச் சுறாவுக்கும் விரித்து, பொழுதுபோக்குப் படகுகளின் உரிம நிபந்தனையாக்க வேண்டும் என்று கடலோர மாநிலங்களின் மீன்வளத் துறைகளைக் குழு கேட்டுக்கொள்கிறது. படகு உரிமையாளர்கள் விளம்பரப் பலகையில் தொங்கும் சுறாப் படங்களை இறக்கிவிடலாம். அதற்கு எந்த அரசாணையும் தேவையில்லை.

உறுப்பினர்களுக்கும் இது பொருந்தும். கடலுக்குப் போகிறவர் பெட்டியில் கம்பி வெட்டும் குறடும், துருப்பிடித்து உதிரக்கூடிய வட்ட முள்ளும் இருக்க வேண்டும். சுறாவைத் தூக்கிப் பிடித்த படத்தை வாட்ஸ்அப் குழுவில் யார் போட்டாலும், அவர் எவ்வளவு மூத்தவராக இருந்தாலும், அது நீக்கப்படும். படகிலிருந்து எட்டிப் பார்த்து, தண்ணீருக்குள் போகும் துடுப்பை எடுத்த படமென்றால் தாராளமாகப் போடலாம்.