விடை தவறா? எண்ணிய முறையைக் கேளுங்கள்!



நிகழ்தகவில் எளிய கணக்கு ஒன்று. இரண்டு நாணயங்களைச் சுண்டினால் குறைந்தது ஒரு பூவாவது விழும் வாய்ப்பு எவ்வளவு? செம்பருத்தி உள்ள பக்கம் பூ, மறுபக்கம் எண். 'இரண்டு பூ, ஒரு பூ, பூவே இல்லை என மூன்று நிலைகள். அவற்றுள் இரண்டு ஏற்றவை. எனவே 2/3' என்று எழுதும் மாணவர் உண்டு. சரியான விடை 3/4. உடனே சிவப்பு மையால் அடித்துவிட்டுச் சூத்திரத்தை மனப்பாடம் செய்யச் சொல்கிறோம். இது முறையன்று என்பதே என் கருத்து.

அம்மாணவருக்குச் சூத்திரம் தெரியும். ஏற்ற நிலைகளை மொத்த நிலைகளால் சரியாகவே வகுத்திருக்கிறார். மூன்று நிலைகளும் சமவாய்ப்பு உடையவை என்று கொண்டதில்தான் பிழை. பிரெஞ்சுக் கணித மேதை டி அலம்பேரும் 1754இல் கலைக்களஞ்சியக் கட்டுரையில் இதே 2/3 விடையை எழுதினார். முதல் முறையே பூ விழுந்துவிட்டால் மறுமுறை சுண்டத் தேவையில்லை. ஆகவே மூன்றே நிலைகள் என வாதிட்டார். மேதையே சறுக்கிய இடத்தில் பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளையை 'மக்கு' என்பது அறமாகுமா?

இதைத் திருத்த ஒரு 10 சென், ஒரு 20 சென் நாணயம் போதும். அளவு வேறாக இருப்பதால் பூ–பூ, பூ–எண், எண்–பூ, எண்–எண் எனும் நான்கு நிலைகளும் கண்ணுக்குத் தெரியும். 'ஒரு பூ' என்பது இருவழிகளில் நிகழ்வதைப் பிள்ளையே கண்டுகொள்வார்.

பிறகு சுண்டிப் பார்க்கட்டும். 20 முறை மட்டும் சுண்டினால் 3/4 விடைப்படி 15, 2/3 விடைப்படி 13 அளவில் பூ வர வேண்டும். எது சரியென்று துணிய இயலாது. பத்துப் பேர் கொண்ட சிறிய வகுப்பிலும் ஆளுக்கு 60 முறை சுண்டினால் 600 ஆகிவிடும். இப்போது 450க்கும் 400க்கும் இடையே போட்டி. கூட்டுத்தொகை 450ஐ ஒட்டியே நிற்கும். தரவு ஏன் மிகுதியாக வேண்டும் என்னும் புள்ளியியல் பாடமும் அங்கேயே முடிந்துவிடுகிறது.

'தேர்வு நெருங்குகிறது, நேரமில்லை' என்பது பழைய பதில். யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இலேயே நீக்கப்பட்டுவிட்டது. இன்னும் யாருக்காக விரைகிறோம்?

பெற்றோர்களே, சிவப்புக் கோடிட்ட தாளோடு பிள்ளை வீட்டுக்கு வந்தால் 'எத்தனை மதிப்பெண்?' என்பதற்கு முன், 'எப்படி எண்ணினாய்?' என்று கேளுங்கள். அச்சமின்றி விளக்கும் பிள்ளை தன் பிழையைத் தானே காணும்.

சிந்திப்போம், செயல்படுவோம்.