பேருந்துக்கு மட்டும் ஏன் லாப நட்டக் கணக்கு?

தமிழ்நாட்டில் பட்ஜெட் வரும் காலமெல்லாம் ஒரு வாதமும் கூடவே வரும். அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் நட்டத்தில் மூழ்கிவிட்டன. பெண்களுக்கு ஓசிப் பயணம் கொடுத்ததுதான் காரணம். தனியாரிடம் விட்டால் லாபத்தில் ஓடும். அதற்கு மனமில்லையென்றால் கட்டணத்தையாவது ஏற்றட்டும். எப்படியும் மெட்ரோ வந்துவிட்டது, பேருந்துக்காக இவ்வளவு பணத்தை ஏன் கொட்ட வேண்டும்? டீக்கடை பெஞ்சிலிருந்து தொலைக்காட்சி விவாதம்வரை இதே வரிசையில்தான் பேசுகிறார்கள்.

கழகங்கள் நட்டத்தில் இருப்பது பொய்யில்லை. அதிலிருந்து எடுக்கும் முடிவுகள்தான் தவறு. எட்டுக் கழகங்கள், ஏறத்தாழ 20,000 பேருந்துகள் கொண்ட இந்தப் பெரிய அமைப்பு, ஒவ்வோர் ஆண்டும் பட்ஜெட் உரையை எதிர்பார்த்தே காலம் தள்ளுகிறது. ஐந்து ஆண்டு கழித்து எவ்வளவு பணம் வரும், எத்தனை புது வண்டி வரும் என்பது அதன் நிர்வாகிகளுக்கே உறுதியாகத் தெரியாது. நோய் அங்கே இருக்கிறது. வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் இது விளங்கும்.

"மகளிர் இலவசப் பயணத்தால் வந்த நட்டம்"

இதற்கு நாட்காட்டியே பதில் சொல்லும். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்ற ஆணை 2021 மே மாதம் வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, அரசுப் பேருந்து ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 59.15 ரூபாய் நட்டம் என்றது. திட்டத்துக்கு அப்போது மூன்று மாதம்தான் வயது. கொரோனா ஊரடங்கில் வண்டிகள் காலியாக ஓடியதும் நின்றதும் அந்த எண்ணை வீங்க வைத்திருக்கும் என்று தள்ளுபடி செய்தாலும், அதற்கும் முன்னால் போகலாம். 2018 ஜனவரியில் போக்குவரத்துத் தொழிலாளர்கள் எட்டு நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஊதிய உயர்வோடு, ஓய்வுபெற்றவர்களுக்குச் சேர வேண்டிய நிலுவையும் அன்று கோரிக்கையாக இருந்தது. அதே மாதம் கட்டணத்தை ஏற்றிய அரசு சொன்ன காரணமும் நட்டம்தான். அன்று மகளிர் இலவசப் பயணத் திட்டமே இல்லை.

இன்னொரு சான்று, அரசு விரைவுப் போக்குவரத்துக் கழகம். சென்னையிலிருந்து நாகர்கோவிலுக்கும் ராமேசுவரத்துக்கும் ஓடும் அதன் வண்டிகளில் விடியல் பயணம் என்ற இந்த மகளிர் இலவசத் திட்டம் கிடையாது. அந்தக் கழகமும் நட்டத்தில்தான் ஓடுகிறது.

அடுத்தது, இலவசம் என்பது பயணிக்குத்தான், கழகத்துக்கு இல்லை. முகப்பில் ரோஸ் நிறம் பூசிய பேருந்தில் ஏறும் பெண்ணுக்கு நடத்துநர் வெறுங்கையை விரிப்பதில்லை. கட்டணமில்லாச் சீட்டு ஒன்றைக் கொடுக்கிறார். அதை வைத்துத்தான் எத்தனை பேர் ஏறினார்கள் என்ற கணக்கு. அரசு கழகத்துக்குப் பணம் கொடுக்கிறது. தொடங்கிய ஆண்டில் 1,200 கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள். 2025-26 பட்ஜெட்டில் அது 3,600 கோடி. கலெக்‌ஷன் குறைந்த பல நகரப் பேருந்துத் தடங்களுக்கு இது நிச்சயமான வரவு. ஒரு பயணத்துக்கு அரசு தரும் தொகை உண்மைச் செலவை முழுக்க ஈடுகட்டுகிறதா என்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும். அப்படிக் கேட்டால் குற்றம் பயணியின் மேல் விழாது, பணம் கொடுக்கும் விதத்தின் மேல் விழும்.

மாநிலத் திட்டக் குழு செய்த ஆய்வு, இத்திட்டத்தால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்றது. பனியன் கம்பெனிக்கோ வீட்டு வேலைக்கோ போகும் ஒருவருக்கு அது சில நாள் கூலி.

"தனியார் லாபத்தில் ஓட்டுகிறார்களே"

எந்தத் தடத்தில், எந்த நேரத்தில் என்று கேட்க வேண்டும். ஊர்ப்புறத்தில் ராத்தங்கல் வண்டி என்று ஒன்று உண்டு. இரவு ஒன்பதரை மணிக்குக் கடைசி ஊருக்கு வந்து சேரும். ஓட்டுநரும் நடத்துநரும் அங்கேயே படுத்துக்கொள்வார்கள். விடியுமுன் பால் கேன், பூக்கூடை, கீரைக்கட்டு, சித்தாள் வேலைக்குப் போகும் பெண்கள் என்று ஏற்றிக்கொண்டு டவுனுக்குக் கிளம்பும். போகும்போது கூட்டம், திரும்பும்போது காலி. அந்த டிரிப்பின் கலெக்‌ஷன் டீசலுக்கே காணாது. எந்தத் தனியார் முதலாளியும் அந்தத் தடத்துக்கு ஆசைப்பட மாட்டார். அது அவர் குற்றமில்லை. அவர் தொழில் செய்கிறார். அவர் கேட்பது திருச்சி - தஞ்சாவூர் போன்ற தடங்களை. நல்ல தடத்தைத் தனியாருக்கும் காலித் தடத்தைக் கழகத்துக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டு, யார் திறமைசாலி என்று போட்டி வைப்பது நியாயமில்லை.

இது வெறும் ஊகமில்லை, செய்து பார்த்தாகிவிட்டது. 1997-இல் பேருந்து எட்டாத கிராமங்களுக்காகத் தனியார் மினி பஸ் திட்டம் வந்தது. ஒரு தடத்தின் நீளம் மொத்தம் 20 கிலோமீட்டர். அதில் 16 கிலோமீட்டர் வேறு பேருந்து ஓடாத தடமாக இருக்க வேண்டும் என்பது விதி. கொஞ்ச காலம் நன்றாக ஓடியது. பிறகு பல தடங்களில் கட்டுப்படியாகவில்லை, வண்டிகள் நின்றன. 2025 ஜூனில் புதிய மினி பஸ் திட்டத்தைத் தொடங்கியபோது தூரத்தை 25 கிலோமீட்டராக்கி, விதிகளையும் தளர்த்தினார்கள். நிர்ணயித்த கட்டணத்தில் கிராமத்துக்கு வண்டி விடுவது தனியாருக்கும் அதே நட்டத்தைத்தான் தருகிறது. ஒரே வேறுபாடு, அவர்களால் நிறுத்திவிட முடியும்.

ஆம்னி பேருந்துகளைக் காட்டுவோரும் உண்டு. அவற்றின் கட்டணத்தை அரசு நிர்ணயிப்பதில்லை. தீபாவளிக்கு முந்தின இரவு ஊருக்குப் போக டிக்கெட் தேடியவர்களுக்கு அந்த லாபம் எங்கிருந்து வருகிறது என்று விளக்க வேண்டியதில்லை.

இந்த வாதத்தை முடித்துவைக்கும் செய்தி ஒன்று சென்னையிலேயே இருக்கிறது. 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகள் கிளம்பின. வண்டி தனியாருடையது, ஓட்டுநரும் பராமரிப்பும் அவர்கள் பொறுப்பு. நடத்துநர் மாநகர்ப் போக்குவரத்துக் கழகத்துக்காரர். டிக்கெட் பணமும் கழகத்துக்கே. அந்த நிறுவனத்துக்கு, ஓட்டிய கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று 12 ஆண்டுக்குக் கழகம் பணம் தரும். வண்டியில் பத்துப் பேர் இருந்தாலும் எண்பது பேர் இருந்தாலும் அந்தத் தொகை வரும். இந்த ஏற்பாட்டில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. தனியார் வந்தால் திறமை வரும் என்றார்கள். வந்த தனியார் முதலில் வாங்கிக்கொண்டது பன்னிரண்டு ஆண்டு நிதி உறுதியை. அந்த உறுதியைக் கழகங்களின் சொந்த வண்டிகளுக்கு இத்தனை ஆண்டுகளாக ஏன் கொடுக்கவில்லை?

"கட்டணத்தை ஏற்றினால் தீர்ந்துவிடும்"

இதில் பாதி உண்மை இருக்கிறது. 2011 நவம்பரில் ஒரு முறை, 2018 ஜனவரியில் ஒரு முறை என்று கட்டணம் ஏறியது. நடுவில் ஆறு ஆண்டுக்கு மேல் டீசல் விலை ஏறியது, சம்பளம் ஏறியது, டிக்கெட் மட்டும் அசையவில்லை. பிறகு ஒரே இரவில் மொத்தமாக ஏற்றினார்கள். மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். சில நாளில் கொஞ்சம் குறைத்தார்கள். சென்னையில் பலர் மின்சார ரயிலுக்கு மாறினார்கள். முடிந்தவர்கள் தவணையில் பைக் வாங்கினார்கள். அப்படிப் போனவர் பேருந்துக்குத் திரும்புவது அரிது. கட்டணம் ஏறியது, கூட்டம் குறைந்தது, நட்டம் தொடர்ந்தது.

சிறிது சிறிதாக, டீசலையும் ஊதியத்தையும் ஒட்டி, முன்கூட்டியே அறிவித்த விதிப்படி கட்டணம் மாறுவதில் தவறில்லை. ஓர் அரசு அரசியல் காரணத்துக்காக அந்த ஆண்டு ஏற்ற வேண்டாம் என்று முடிவெடுத்தால், அந்த முடிவுக்கான பணத்தை அதே ஆண்டில் கழகத்துக்குக் கொடுத்துவிட வேண்டும். ஏற்றாமல் விட்டதற்கான கைத்தட்டல் அரசுக்கு, அதற்கான கடன் கழகத்துக்கு என்ற பங்கீடுதான் இதுவரை நடந்திருக்கிறது.

"எல்லாம் நிர்வாகச் சீர்கேடு"

ஓட்டை உடைசல் வண்டியில் மழைக்குக் குடை பிடித்துப் போனவர்கள் இதைச் சொன்னால் மறுக்க முடியாது. டிரிப் கட் ஆகும்போது நிறுத்தத்தில் காத்திருப்பவருக்கு யாரும் பதில் சொல்வதில்லை. ஆனால் சோம்பலான அமைப்பு என்ற பட்டம் பொருந்தாது. டீசல் சிக்கனத்துக்காகத் தமிழகக் கழகங்கள் தேசிய அளவில் திரும்பத் திரும்ப விருது வாங்கியிருக்கின்றன. ஒரு வண்டி ஒரு நாளில் ஓடும் தூரத்திலும் நாட்டின் முன்வரிசையில் நின்ற கழகங்கள் இவை.

பணம் போகும் வழிகளில் சில, டெப்போ மேலாளரின் கைக்கு எட்டாதவை. 2013 ஜனவரியில் மத்திய அரசு மொத்தமாக டீசல் வாங்குவோருக்கு விலையை ஒரேயடியாக ஏற்றியது. சில்லறை விலையைவிட லிட்டருக்குப் பத்து ரூபாய் அளவுக்குக் கூடுதல். தமிழக அரசு பேருந்துகளை வெளியே பெட்ரோல் பங்க்குகளில் சில்லறை விலைக்கு நிரப்பச் சொன்னது. டெப்போவுக்குள் சொந்த டேங்க் சும்மா கிடக்க, அரசுப் பேருந்துகள் தெருமுனை பங்க்கில் கார்களோடு வரிசையில் நின்றன. காரில் தனியாகப் போகிறவருக்குக் குறைந்த விலை, அறுபது பேரை ஏற்றிப்போகும் பேருந்துக்குக் கூடிய விலை என்பது எந்த நிர்வாகத் திறமையால் சரியாகும்?

வட்டியும் அப்படித்தான். கழகங்களுக்குக் கடன் கொடுக்கவே தமிழ்நாடு போக்குவரத்து மேம்பாட்டு நிதி நிறுவனம் என்று ஓர் அரசு நிறுவனம் இருக்கிறது. அது பொதுமக்களிடம் வைப்புத்தொகை வாங்கி, கழகங்களுக்குக் கடனாகத் தருகிறது. அரசு உரிய காலத்தில் தர வேண்டிய தொகை தாமதமானால் கழகம் கடன் வாங்கித்தான் வண்டியை ஓட்ட வேண்டும். அந்த வட்டியும் ஆண்டு முடிவில் கழகத்தின் நட்டத்தில் சேரும்.

"மெட்ரோ இருக்கிறதே"

சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், மதிப்பீடு 63,246 கோடி ரூபாய். ஒரு கிலோமீட்டருக்கு 530 கோடிக்கு மேல். மாநிலம் முழுவதும் பெண்கள் ஓராண்டு கட்டணமின்றிப் போய்வர ஒதுக்கிய 3,600 கோடி, ஏழு கிலோமீட்டர் மெட்ரோவுக்குக்கூடக் காணாது. ஒன்று கட்டுமானச் செலவு, இன்னொன்று ஆண்டுதோறும் வரும் செலவு. இரண்டும் ஒரே வகையல்ல என்பது சரியே. மெட்ரோ வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. மெட்ரோவுக்கு ஜப்பான் நிறுவனத்திலும் ஆசிய வளர்ச்சி வங்கியிலும் பல ஆண்டுக் கடனைத் திட்டமிட்டு வாங்கி, அதை முதலீடு என்கிறோம். மேம்பாலம் கட்டிவிட்டு, அது எவ்வளவு சம்பாதித்தது என்று யாரும் கேட்பதில்லை. நெடுஞ்சாலைத் துறை இந்த ஆண்டு நட்டம் என்ற செய்தியைப் படித்ததுண்டா? சாலை பொதுத்தேவை என்றால், அந்தச் சாலையில் அதிகம் பேரை ஏற்றிச் செல்லும் வண்டியும் பொதுத்தேவைதான். தவிர, மெட்ரோ நிலையத்தில் இறங்கியவர் வீடு சேர இன்னும் மூன்று கிலோமீட்டர் இருக்கிறது. மாநிலத்தின் மற்ற பெரும்பகுதிக்கு மெட்ரோவே கிடையாது.

ரயிலையும் பேருந்தையும் சேர்த்துத் திட்டமிட ஏற்பாடு இல்லாமல் இல்லை. சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்துக்கான சட்டம் 2010-லேயே நிறைவேறியது. அதன் முதல் கூட்டம் நடந்தது 2022-இல். பன்னிரண்டு ஆண்டு கழித்துக் கூடிய குழுமம் சென்னைக்கு மட்டும். விழுப்புரத்துக்கும் நெல்லைக்கும் அதுவும் இல்லை.

அப்படியானால் என்ன செய்வது?

ஒரு வண்டிக்கு ஆயுள் பத்து ஆண்டு என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 20,000 வண்டிகளை அதே எண்ணிக்கையில் வைத்திருக்கவே ஆண்டுக்கு 2,000 புது வண்டி வேண்டும். இது கூட்டல் கழித்தல் தெரிந்த எவரும் போடக்கூடிய கணக்கு. ஆனால் நம்மிடம் சில ஆண்டு ஒன்றும் வராது. பிறகு தேர்தல் நெருங்கும்போதோ வெளிநாட்டு வங்கிக் கடன் கிடைக்கும்போதோ மொத்தமாக வரும். ஒரே நேரத்தில் வந்தவை ஒரே நேரத்தில் கிழடாகும்.

தனியார் மின்சாரப் பேருந்துக்குச் செய்ததையே கழகத்துக்கும் செய்ய வேண்டும். அரசுக்கும் ஒவ்வொரு கழகத்துக்கும் இடையே ஐந்தாண்டுக்குக் குறையாத ஒப்பந்தம்: எந்தத் தடத்தில் எத்தனை டிரிப், கிலோமீட்டருக்கு என்ன தொகை, ஆண்டுக்கு எத்தனை புது வண்டி, டிரிப் கட் ஆனால் எவ்வளவு பிடித்தம். இலவசப் பயணம், மாணவர் பாஸ், ஏற்றாத கட்டணம் மூன்றுக்குமான தொகை மாதந்தோறும் வர வேண்டும். ஓய்வூதியப் பழைய பாக்கியைக் கழகத்தின் அன்றாடக் கணக்கிலிருந்து பிரித்து அரசு ஏற்க வேண்டும். இதற்குப் பெரும் புதுச் செலவு தேவையில்லை. இன்று மானியம், கடன், வட்டி, கடைசி நேர உதவி என்று துண்டு துண்டாகப் போகும் பணத்தில் பெரும்பகுதி இதுவே.

கழக நிர்வாகத்தைக் கடுமையாகக் கேள்வி கேட்க விரும்புகிறவர்களுக்கும் இதுதான் வழி. இன்று நிறுத்தத்தில் வண்டி வரவில்லை என்றால் கழகம் அரசின் பாக்கியைக் காட்டும். அரசு கழகத்தின் நட்டத்தைக் காட்டும். ஒப்பந்தம் கையெழுத்தாகிப் பணமும் வந்து சேர்ந்த பிறகு, காலை ஐந்தரை வண்டி ஏன் வரவில்லை என்ற கேள்விக்கு இரண்டு பேருமே தப்ப முடியாது.