தாய்க்கு விக்கிரகம், பிள்ளைக்கு வசை

கேளம்பாக்கத்தில் பஸ் ஏறி மாமல்லபுரம் போகிறவர்களில் பலர் கடற்கரைக் கோயிலைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அடுத்த முறை ஆதிவராகக் குகைக்கும் ஒரு நடை போய் வாருங்கள். பல்லவ மன்னர் இருவர் தேவியரோடு அங்கே காட்சி தருகிறார்கள். சிம்மவிஷ்ணு, மகேந்திரன் என்று அரசர்களுக்குப் பெயர் வெட்டியிருக்கிறது. தேவியருக்குத்தான் பெயரே இல்லை!

சுமார் முந்நூறு வருஷம் கழித்துச் சோழ நாட்டில் ஒரு ராணி, சிற்பம் யாருக்கு, பெயர் யாருக்கு என்பதைத் தாமே தீர்மானித்தார். அவர் செம்பியன் மாதேவி. கோனேரிராஜபுரத்தில், காலமான கணவர் கண்டராதித்தரின் பெயரால் கற்றளி எழுப்பினார். அவர் லிங்கத்தைப் பூஜிப்பதுபோல் சுவரில் சிற்பம் வைத்து, இன்னார் என்று எழுதியும் வைத்தார். கல்வெட்டுகளில் அவரை எப்படிக் குறிப்பிடுகிறார்கள் தெரியுமா? உத்தம சோழனைத் 'திருவயிறு வாய்த்தவர்' என்று!

அந்த அம்மாளுக்கு 1019-ல், ராஜேந்திர சோழன் ஆட்சியில், அவர் பெயர் கொண்ட ஊரின் கோயிலிலேயே படிமம் வைத்துப் பூஜைக்கும் ஏற்பாடு செய்தார்கள். வாஷிங்டன் ஃப்ரீர் கலைக்கூடத்திலுள்ள ஒரு மீட்டருக்குச் சற்று மிஞ்சிய வெண்கலச் சிலை பார்வதியா, மாதேவியா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள்.

பிள்ளையின் கதி வேறு. சிற்றப்பன் உத்தம சோழன் ராஜ்யத்துக்கு ஆசைப்பட்டதால் அருள்மொழி அதை மனத்தாலும் விரும்பவில்லை என்கின்றன திருவாலங்காட்டுச் செப்பேடுகள். இவையும் அதே ராஜேந்திரன் காலத்தவை. அருள்மொழியாகிய ராஜராஜனின் பிள்ளைதானே அவர்! பெரிய பாட்டியைக் கும்பிட்டுவிட்டு அவர் மகனைக் குறை சொல்வது, பங்காளி வீடுகளில் நாம் காணாத சங்கதியா என்ன?

1950 முதல் 1954 வரை தொடராக வந்த 'பொன்னியின் செல்வ'னில், நமக்குப் பிடிக்காத மதுராந்தகன் அந்த உத்தமியின் வயிற்றுப் பிள்ளையே அல்ல என்று கல்கி கதையை முடித்தார். தாயின் சித்திரம் அவ்வளவு பலமாகப் பதிந்துவிட்டது!

ஆனால் 985-ல் உத்தம சோழனுக்குப் பின் முடி சூடியவர் ராஜராஜன். உத்தமனின் சொந்த மகன் கண்டராதித்தன், ராஜராஜனிடம் கோயில் காரியங்களை விசாரிக்கும் அதிகாரியாகப் பணி செய்தான். பேராசைக்காரரின் வீட்டில் இப்படி நடக்குமா?

உத்தம சோழனின் பெயர் பொறித்த காசு கிடைத்திருக்கிறது. அதில் முகம் இல்லை. செம்பியன் மாதேவி ஊரில் மாமியாரின் ஜன்ம நட்சத்திரமான சித்திரைக் கேட்டைக்கு நிவந்தம் எழுதிவைத்தவர்கள் அவருடைய மனைவிமார்.