நாற்காலி மாறினால் போதுமா?

புதிய இன்ஸ்பெக்டர் பொறுப்பேற்றார் என்ற செய்தி வந்தால் போதும், ஸ்டேஷன் வாசலில் சால்வையும் எலுமிச்சம்பழமுமாகக் கூட்டம் கூடிவிடுகிறது. திருச்சி கே.கே. நகரானாலும் சரி, பத்துத் தெருக்கூட இல்லாத கிராமமானாலும் சரி, நாம் கண்டு பழகிய காட்சிதான் இது. "பழையவர் பொல்லாதவர், புதியவர் நல்லவர்" என்பார் சிலர். "நமக்கு வேண்டியவர்" என்று காதோடு சொல்வார் சிலர். நாற்காலியில் ஆள் மாறியது உண்மை. நடைமுறை மாறியதா? அதுதான் நமது கேள்வி.

கே.கே. நகருக்கு அருகிலிருக்கும் பொன்மலை இதற்குப் பதில் சொல்லும். 1946-இல் சென்னை மாகாணத்தில் பிரகாசம் மந்திரி சபை அமர்ந்திருந்தது. மந்திரிகள் கதர் உடுத்தியிருந்தார்கள்; போலீசோ வெள்ளையன் வளர்த்த போலீசாகவே இருந்தது. செப்டம்பர் 5 அன்று சங்கத் திடலில் மலபார் ஸ்பெஷல் போலீஸ் சுட்டது. தொழிலாளத் தோழர்கள் ஐவர் மாண்டனர். வெள்ளையனும் போனான். 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் சிறையில் 22 தோழர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஆள் மாறினார்கள், துப்பாக்கி திரும்பிய திசை மாறவில்லை!

வரலாற்றின் விசித்திரத்தைப் பாருங்கள். வரி வசூலிக்கும் உத்தியோகஸ்தர்களே போலீஸ் அதிகாரத்தையும் கையில் வைத்துக்கொண்டு குடிமக்களைச் சித்திரவதை செய்கிறார்கள் என்பதை 1855-இல் சென்னை மாகாணச் சித்திரவதை விசாரணைக் கமிஷன் வெளிப்படுத்தியது. அதன் பிறகே, 1859-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் போலீஸ் தனித் துறையாகப் பிரிக்கப்பட்டது. 2020 ஜூனில் என்ன நடந்தது? தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளம் ஸ்டேஷனில் வியாபாரி ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் வதைபட்டார்கள். சிறையில் அடைக்கப்பட்டபின் அடுத்தடுத்து மாண்டார்கள். விசாரிக்கச் சென்ற மாஜிஸ்டிரேட்டுக்கே அங்கே ஒத்துழைப்பு இல்லை. காமிராப் பதிவு அன்றன்றே அழியும்படி வைக்கப்பட்டிருந்தது. ஹைகோர்ட்டின் மதுரைக் கிளை, அந்த ஸ்டேஷனை வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் கொண்டுவரச் சொன்னது! எவரிடமிருந்து போலீஸ் அதிகாரம் பிடுங்கப்பட்டதோ அவரிடமே ஸ்டேஷன் போய்ச் சேர்ந்தது. இதைவிட ஒரு தலைமை மாற்றம் வேண்டுமா? ஆனால் ஐந்தே ஆண்டில், 2025 ஜூனில், திருப்புவனத்தில் ஒரு கோயில் காவலாளி இளைஞர் போலீஸ் விசாரணையில் மாண்டார். மறுபடியும் சஸ்பெண்டு, மறுபடியும் மாற்றல்.

மாற்றல் தண்டனை ஆகாது. இங்கே அடித்தவர் அங்கே போய் அடிக்க மாட்டார் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

வழி இல்லாமல் இல்லை. ஸ்டேஷன் தலைவருக்குக் குறைந்தது இரண்டு ஆண்டுப் பதவிக்காலம் வேண்டும், ஓய்வு பெற்ற நீதிபதி தலைமையில் புகார் விசாரணை அமைப்பு வேண்டும் என்று 2006-இலேயே சுப்ரீம் கோர்ட் கட்டளையிட்டது. 2013-இல் தமிழ்நாட்டில் வந்த சட்டம் என்ன செய்தது? மாநில அமைப்புக்கு உள்துறைச் செயலாளரையும், மாவட்ட அமைப்புக்குக் கலெக்டரையும் தலைவராக்கியது. போலீஸ் அதிகாரிகளையே உறுப்பினராக்கியது. வேலிக்கு ஓணான் சாட்சி!

போலீஸ்காரர்களை நாம் பகைவராகக் கருதவில்லை. 2021 நவம்பரில் நவல்பட்டு ஸ்டேஷன் எஸ்.எஸ்.ஐ. பூமிநாதன், ஆடு திருடர்களை நள்ளிரவில் மோட்டார் சைக்கிளில் விரட்டிப் போய், தன்னந்தனியாக நின்று வெட்டுண்டு மாண்டார். காக்கிச் சட்டைக்குள்ளும் உழைப்பாளிதான் இருக்கிறார். அவருக்கு வார ஓய்வு காகிதத்தில் மட்டும் இருந்தால் போதாது. சங்கம் வைக்கும் உரிமையைக் கட்டிப்போடும் 1966-ஆம் ஆண்டுச் சட்டம் திருத்தப்பட வேண்டும். குறை சொல்ல வழியில்லாதவன், மேலே வாங்கிய வசவைக் கீழே இருப்பவன் முதுகில் இறக்குகிறான்.

தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. "நம்ம ஆளைப் போடச் சொல்லுங்கள்" என்று சிபாரிசு கேட்டு எவர் வீட்டுப் படியும் ஏறாதீர்கள். இன்று நமக்காக வளைகிற இன்ஸ்பெக்டர், நாளை முதலாளிக்காக இரட்டிப்பாய் வளைவார். புதியவரிடம் சால்வையோடு போகாதீர்கள். ஊர் மக்களோடு போங்கள். கேளுங்கள்: புகார் கொடுத்தால் ரசீது உண்டா? காமிரா ஓடுகிறதா, பதிவு பத்திரமாக இருக்கிறதா? கைது செய்தால் உறவினருக்குத் தகவல் போகிறதா? 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்டிரேட் முன் நிறுத்துகிறீர்களா?

இவற்றுக்கு "ஆம்" என்று சொல்லி, சொன்னபடி நடப்பவரே நல்ல இன்ஸ்பெக்டர். அவர் நமக்கு வேண்டியவராக இருக்க வேண்டியதில்லை. சட்டத்துக்கு வேண்டியவராக இருந்தால் போதும். அவர் மாற்றலாகிப் போன மறுநாளும் அந்த நடைமுறை நிலைக்குமானால், அன்றுதான் ஸ்டேஷனில் தலைமை மாறியது என்று நாம் ஒப்புவோம்.